கேளாத ஒலியும் மொட்டைமாடித் தொட்டியும்

அணையை அறிவோம், தொட்டியை அறியோம்

மேட்டூர் அணையின் நீர்மட்டம் இன்றைக்கு எத்தனை அடி என்று கேட்டால், காவிரிப் பாசனத்தோடு யாதொரு சம்பந்தமும் இல்லாத நகரவாசியும், காலையில் வாசித்த பத்திரிகையை நினைவுகூர்ந்து ஏறக்குறையச் சரியாகச் சொல்லிவிடுவார். அணையின் முழு மட்டம் 120 அடி என்பதும், நிரம்பினால் 93.47 டி.எம்.சி. நீர் அதில் நிற்கும் என்பதும் தமிழ்நாட்டில் பெரும்பாலோர் அறிந்த விவரங்கள். அதே மனிதரிடம், அவர் தலைக்கு நேர்மேலே மொட்டைமாடியில் நிற்கும் ஆயிரம் லிட்டர் தொட்டியில் இந்த க்ஷணத்தில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள்; அவரால் விடை கூற இயலாது. குழாயில் தண்ணீர் நின்றுபோனால் தொட்டி காலி என்றும், ஓவர்ஃப்ளோ குழாய் வழியாகத் தண்ணீர் கொட்டிச் சுவர் நனைந்தால் தொட்டி நிறைந்துவிட்டது என்றும் அவர் அறிவார். இவ்விரண்டு எல்லைகளுக்கும் இடைப்பட்ட நிலைகள் யாவும் அவருக்கு மறைபொருளே.

இந்த அறியாமையால் நஷ்டம் இல்லை என்று கருதுவதற்கில்லை. மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்துபோன வீட்டில் மின்சாரமும் விரயமாகிறது, பூமிக்கடியிலிருந்து பிரயாசைப்பட்டு மேலே ஏற்றிய நீரும் விரயமாகிறது. 2019ஆம் ஆண்டுக் கோடையில், பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் அநேகமாக வறண்டுபோய், சென்னை நகரமே லாரித் தண்ணீருக்குக் குடங்களோடு காத்து நின்றதை நேரில் கண்டவர்களுக்கு, மாடியிலிருந்து வழிந்தோடும் நீரின் மதிப்பை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

தொட்டியின் உள்நிலையை அறிவதற்கு மனிதர் பல உபாயங்களைக் கையாண்டு வந்திருக்கிறார்கள். ஏணியில் ஏறி மூடியைத் திறந்து பார்க்கலாம். பிளாஸ்டிக் தொட்டியானால், அதன் பக்கத்தைக் கையால் தட்டிக்கொண்டே வந்து, ஓசை மாறும் உயரத்தைக் காதால் கண்டுபிடிக்கலாம். மிதவையில் கயிற்றைக் கட்டிக் கப்பியின் மேலாகப் போட்டு, வெளியே தொங்கும் எடை ஏறி இறங்குவதைப் பார்ப்பது பழமையான நல்ல முறை. வெவ்வேறு ஆழங்களில் உலோகக் கம்பிகளைத் தொங்கவிட்டு, நீர் தொட்டதும் மின்சாரம் பாய்வதைக் கொண்டு மட்டத்தை அறியும் கருவிகளும் கடைகளில் உண்டு. ஆனால் நீரில் மூழ்கி மின்சாரம் கடத்தும் கம்பி நாளடைவில் அரிக்கப்பட்டும் உப்புப் படிந்தும் உபயோகமற்றுப் போகும் என்பதோடு, கம்பி நிற்கும் உயரங்களைத் தவிர வேறு உயரங்களைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

இக்காலத்திலோ, சில நூறு ரூபாய் விலையுள்ள ஒரு சிறு சாதனம், மூடியின் உட்புறத்தில் கீழ்நோக்கிப் பொருத்தப்பட்டு, நீரை ஒருபோதும் தொடாமலே, மட்டம் இத்தனை சென்டிமீட்டர் என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கிறது. இதைக் கேள்வியுறும் வாசகருக்கு இரண்டு சந்தேகங்கள் நியாயமாகவே எழும். தொடாத பொருளின் தூரத்தை ஒரு கருவி எங்ஙனம் அறிகிறது என்பது முதலாவது. இரண்டாவது அதனினும் நுட்பமானது: தெளிந்த நீரின் ஊடே தொட்டியின் அடித்தளம் நம் கண்ணுக்கு நன்றாகத் தெரிகிறதே, அப்படியிருக்க அந்தக் கருவி மட்டும் அடித்தளத்தை விட்டுவிட்டு நீரின் மேற்பரப்பையே கண்டுகொள்வது ஏன்?

நீளத்துக்குப் பதிலாகக் காலம்

ஆழ்ந்த கிணற்றில் கல்லைப் போட்டு, அது நீரில் விழும் சப்தம் காதை எட்டும்வரை எண்ணிக்கொண்டிருப்பவர், தம்மை அறியாமலே ஒரு சிறந்த தத்துவத்தைக் கையாளுகிறார். கோலும் கயிறும் எட்டாத இடத்தின் தூரத்தை அறிய வேண்டுமானால், நமக்குத் தெரிந்த வேகத்தில் செல்லும் ஒன்றை அங்கே அனுப்பி, அது சென்று சேரும் காலத்தையோ சென்று மீளும் காலத்தையோ அளந்தால் போதும் என்பதே அத்தத்துவம். நீளத்தை அளக்கும் காரியம் காலத்தை அளக்கும் காரியமாக இங்கே மாறிவிடுகிறது.

17ஆம் நூற்றாண்டில் பிரான்ஸ் தேசத்துத் துறவியான மெர்சென், தூரம் தெரிந்த ஒரு சுவரிலிருந்து எதிரொலி திரும்பி வரும் காலத்தைக் கவனித்து, ஒலியின் வேகத்தைக் கணிக்க முற்பட்டார். நம் கருவி அதையே தலைகீழாகச் செய்கிறது. வேகம் நமக்கு முன்பே தெரியும்: நம் நாட்டுச் சாதாரண வெப்பமான 30 டிகிரியில் ஒலி காற்றினூடே ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 350 மீட்டர் செல்லும். ஆகவே, போய்வந்த காலம் தெரிந்தால், அதை வேகத்தால் பெருக்கி, போனதும் வந்ததுமாக இரட்டித்த வழியை இரண்டால் வகுக்க, தூரம் கிடைத்துவிடும்.

ஒளியைவிட ஒலி பன்மடங்கு மந்தமாகச் செல்வதை நாம் ஒரு குறையாகக் கருதிப் பழகியிருக்கிறோம். மின்னலைக் கண்டு வெகுநேரம் கழித்தே இடியைக் கேட்கிறோம். ஆனால் மலிவான அளவைக் கருவிக்கு இந்த மந்தகதியே பெரும் உபகாரம். எழுபது சென்டிமீட்டர் கீழே உள்ள நீர்ப்பரப்புக்கு ஒளி போய்வருவதற்கு, விநாடியை நூறு கோடிக் கூறாக்கினால் அவற்றில் ஐந்து கூறுகூட ஆகாது. அவ்வளவு நுண்ணிய காலத்தை அளப்பதற்குச் சிறப்பான மின்னணுச் சாமர்த்தியம் வேண்டும். ஒலியோ அதே வழிக்கு விநாடியின் ஆயிரத்தில் நான்கு பாகத்தை எடுத்துக்கொள்கிறது. பள்ளி மாணவர்கள் கையாளும் ஆர்டுயினோ போன்ற மைக்ரோகண்ட்ரோலர் ஒன்று, விநாடியின் பத்துலட்சத்தில் ஒரு பாகத்தை ஓர் எண்ணாக வைத்து எண்ண வல்லது. அதற்கு இந்த ஆயிரத்தில் நான்கு பாகம் நாலாயிரம் எண்கள் கொண்ட தாராளமான அவகாசம். நாம் செலவிடும் சில நூறு ரூபாய்க்கு இத்தகைய துல்லியம் கிடைப்பதற்கு, ஒலி நிதானமாக நடப்பதே முதற்காரணம்.

கேளாத ஒலி எதற்காக?

மனிதச் செவி விநாடிக்கு 20 அதிர்வுகள் முதல் 20,000 அதிர்வுகள் வரையுள்ள ஒலியையே உணரும். அதற்கு மேற்பட்ட அதிர்வுகளை உடைய ஒலிக்கு மீயொலி என்று பெயர். தொட்டிகளில் பொருத்தப்படும் சாதாரண உணரிகள் விநாடிக்கு 40,000 அதிர்வுகள் கொண்ட மீயொலியை எழுப்புகின்றன. வீட்டாரின் காதுக்குத் தொந்தரவு இல்லாமலிருப்பது இதன் சிறு பயன்தான். பெரும் பயன் வேறு.

ஒலி அலை ஒவ்வொன்றுக்கும் ஒரு நீளம் உண்டு. விநாடிக்கு ஆயிரம் அதிர்வுகள் உள்ள, நாம் கேட்கக்கூடிய ஒலியின் அலைநீளம் காற்றில் சுமார் 35 சென்டிமீட்டர். அதை எழுப்பும் தட்டு ஒன்றரை சென்டிமீட்டர் அகலமே இருக்குமானால், அலை எத்திசையும் பரந்து சென்று, தொட்டியின் சுவர், குழாய், மூடி எல்லாவற்றிலும் மோதிக் குழப்பத்தை விளைவிக்கும். 40,000 அதிர்வுகளில் அலைநீளம் ஒன்பது மில்லிமீட்டருக்கும் குறைந்துபோகிறது. தன்னை எழுப்பும் தட்டைக் காட்டிலும் சிறிய அலை, ஓரளவு குவிந்த கற்றையாக ஒரே திசையில் செல்லும் சுபாவம் உடையது. அப்படியானால் இன்னும் கூடிய அதிர்வுகளை ஏன் கையாளக்கூடாது என்று கேட்கலாம். அதிர்வு கூடக்கூடக் காற்று அவ்வொலியை விரைவில் உறிஞ்சிவிடும். எதிரொலி நலிந்து வரும். நாற்பதாயிரம் என்பது இவ்விரண்டு இடர்களுக்கும் நடுவே கண்ட சமரசம்.

இயற்கை இவ்வித்தையை வௌவாலுக்கு என்றோ கற்பித்துவிட்டது. கண் மறைக்கப்பட்ட வௌவால் தடையின்றிப் பறப்பதையும், காது அடைபட்ட வௌவால் முட்டி மோதுவதையும் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலியரான ஸ்பல்லன்ஸானியும் ஜெனீவா நகரத்து ஜூரினும் பரிசோதனைகளால் கண்டார்கள். ஆனால் காதால் பறப்பது எவ்வாறு என்பது, அமெரிக்கரான டொனால்ட் கிரிஃபின் 1938இல் மீயொலியைப் பதிவு செய்யும் கருவியின் முன் வௌவாலைக் கொண்டுவந்து நிறுத்தும்வரை யாருக்கும் விளங்கவில்லை. மனிதன் மீயொலியை மின்சாரத்தால் எழுப்பக் கற்றதோ ஒரு கல்லின் உதவியால். குவார்ட்ஸ் போன்ற சில படிகங்களை அழுத்தினால் அவற்றில் மின்சாரம் தோன்றுகிறது என்பதை ஜாக், பியேர் கியூரி சகோதரர்கள் 1880இல் கண்டுபிடித்தார்கள். மின்சாரம் செலுத்தினால் அப்படிகம் சுருங்கி விரிகிறது என்பது அடுத்த ஆண்டே உறுதியாயிற்று. இதற்கு அழுத்தமின் விளைவு என்று பெயர். முதல் உலக யுத்தத்தில் நீர்மூழ்கிக் கப்பல்களைக் கண்டுபிடிக்கும் பொருட்டு, பியேர் கியூரியின் மாணவரான லாங்ஜவான் இவ்விளைவைக் கொண்டே கடலுக்குள் மீயொலியைச் செலுத்தினார். கடைகளில் கிடைக்கும் எச்.சி.–எஸ்.ஆர்.04 என்ற உணரியில் இரண்டு கண்களைப்போலத் தோன்றும் வலைமூடிய உருளைகளுக்குள் இருப்பவையும் அழுத்தமின் தட்டுகளே. ஒன்று பேசும், மற்றொன்று கேட்கும். கட்டளை கிடைத்ததும் முதல் தட்டு எட்டே அதிர்வுகளை வெளியிட்டு ஓய்கிறது. எட்டு அதிர்வுகளுக்கு ஆகும் காலம் விநாடியின் பத்தாயிரத்தில் இரண்டு பாகம். அதன்பின், எதிரொலி வந்து இரண்டாவது தட்டை அசைக்கும்வரை கருவி காத்திருக்கிறது.

ஒளிக்குத் திறந்த கதவு, ஒலிக்குச் சுவர்

இப்பொழுது இரண்டாவது சந்தேகத்துக்கு வருவோம். இந்த விஷயத்தில் எனக்கு மிகுந்த ஆச்சரியத்தைத் தருவது இதுவே.

குளத்தில் முழுகித் தலையை நீருக்குள் வைத்திருக்கும்போது, கரையில் நிற்பவர்கள் உரக்கப் பேசினாலும் நமக்குச் சொற்கள் புரிவதில்லை. அதே சமயம், நீருக்குள் கண்ணைத் திறந்தால் மேலே வானத்தின் வெளிச்சம் நன்றாகத் தெரிகிறது. ஒளியை உள்ளே விட்ட நீர், ஒலியை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டது. காரணம், காற்றுக்கும் நீருக்கும் இடையேயுள்ள வேற்றுமை ஒளியின் கணக்கில் அற்பமாகவும் ஒலியின் கணக்கில் அபாரமாகவும் இருப்பதுதான்.

ஒலி என்பது துகள்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு செல்லும் அசைவு. ஒரு பொருள் அந்த அசைவுக்கு எவ்வளவு விறைப்பாக நிற்கிறது என்பதை அதன் ஒலித்தடை என்று குறிப்போம். பொருளின் அடர்த்தியையும் அதனுள் ஒலி செல்லும் வேகத்தையும் பெருக்கினால் அது கிடைக்கும். நீர் காற்றைவிட எண்ணூறு மடங்குக்கு மேல் அடர்த்தியானது. நீருக்குள் ஒலி செல்லும் வேகமோ, 1826இல் கொல்லடானும் ஸ்டர்மும் ஜெனீவா ஏரியில் மூழ்கிய மணியை ஒலித்து விநாடிக்கு 1,435 மீட்டர் என்று அளந்ததிலிருந்து நன்கு அறியப்பட்டது; நம் வெப்பநிலையில் அது 1,500 மீட்டர் அளவில் இருக்கும், அதாவது காற்றில் உள்ளதைப்போல நான்கு மடங்குக்கு மேல். இரண்டையும் பெருக்க, நீரின் ஒலித்தடை காற்றினதைவிட மூவாயிரம் மடங்குக்கும் மேற்படுகிறது. லேசான காற்று, இத்தனை கனத்த, இத்தனை விறைத்த ஒன்றை அசைக்க முற்படும்போது, நீர் அநேகமாக அசையாமல் நின்று, வந்த தள்ளுதலை அப்படியே திருப்பிவிடுகிறது. நேராகக் கீழ்நோக்கி வரும் ஒலியின் ஆற்றலில் ஆயிரத்தில் ஒரு பங்கு மட்டுமே நீருக்குள் நுழைகிறது; எஞ்சிய தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது பங்கும் மேலே திரும்புகிறது. ஒளியோ, நேராக வீழும்போது, நூற்றில் இரண்டு பங்கு மாத்திரமே திரும்பி, தொண்ணூற்றெட்டுப் பங்கு உள்ளே செல்கிறது. ஆகையால்தான் கண்ணுக்கு அடித்தளம் தெரிகிறது. உணரிக்கு மேற்பரப்பு மட்டுமே தெரிகிறது.

1978இல் போலராய்ட் நிறுவனம், மீயொலியை அனுப்பித் தூரத்தை அறிந்து, லென்ஸைத் தானே சரிசெய்துகொள்ளும் புகைப்படக் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதை வைத்துக்கொண்டு மூடிய கண்ணாடி ஜன்னலின் ஊடே வெளிக்காட்சியைப் படம்பிடித்தால் காட்சி தெளிவாக விழாது; ஒலி கண்ணாடியில் மோதித் திரும்பிவிடுவதால், ஜன்னலையே காட்சி என்று கருவி கொண்டுவிடும். புகைப்படக்காரருக்கு இடைஞ்சலான அதே குணம் தொட்டியில் நமக்குப் பரம அனுகூலம். நீர் தெளிந்திருந்தாலும் கலங்கியிருந்தாலும் அளவை மாறுவதில்லை.

ஒரு விதி மட்டும் கவனத்துக்குரியது. அசையாத நீர்ப்பரப்பு ஒலிக்கு வழுவழுப்பான நிலைக்கண்ணாடி. வந்த கோணத்துக்கு ஏற்ற கோணத்திலேயே அது ஒலியைத் திருப்பும். நீர் தானாகவே மட்டமாக நிற்பதால், உணரி செங்குத்தாகக் கீழ்நோக்கினால் எதிரொலி நேரே அதனிடம் வரும். சாய்ந்திருந்தால் விலகிப் போகும். கொத்தனார் கையாளும் ரசமட்டத்தை மூடியின் மேல் வைத்துச் சரிபார்ப்பது, விலையுயர்ந்த உணரியை வாங்குவதைவிட அதிகப் பலன் தரும்.

ஒரு தொட்டியின் கணக்கு

உள்விட்டம் 110 சென்டிமீட்டர் உள்ள உருளை வடிவத் தொட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் அடியிலிருந்து ஓவர்ஃப்ளோ குழாயின் வாய் வரை உயரம் 105 சென்டிமீட்டர். அந்த மட்டத்துக்கு 30 சென்டிமீட்டர் மேலே மூடியில் உணரி இருக்கிறது. எனவே உணரியிலிருந்து தொட்டியின் அடித்தளம் 135 சென்டிமீட்டர். வட்டத்தின் பரப்பைக் கணக்கிட்டால், ஒரு சென்டிமீட்டர் உயர நீருக்கு ஒன்பதரை லிட்டர் என்று கிடைக்கிறது. 105 சென்டிமீட்டருக்கு 998 லிட்டர். ஆயிரம் லிட்டர் தொட்டி என்று சொல்வது சரிதான்.

உணரி ஒலியை அனுப்புகிறது. நாலாயிரம் எண்கள் எண்ணப்பட்டபோது எதிரொலி வருகிறது. அதாவது விநாடியின் ஆயிரத்தில் நான்கு பாகம். விநாடிக்கு 350 மீட்டர் செல்லும் ஒலி அந்தக் காலத்தில் 140 சென்டிமீட்டர் சென்றிருக்கும். அதில் பாதி, 70 சென்டிமீட்டர், நீர்ப்பரப்பின் தூரம். 135இலிருந்து 70ஐக் கழிக்க, நீரின் ஆழம் 65 சென்டிமீட்டர். அதை ஒன்பதரையால் பெருக்க, சற்றேறக்குறைய 617 லிட்டர்.

இந்த 617 லிட்டரும் நம் உபயோகத்துக்கு வருமா என்றால், வராது. வீட்டுக்கு இறங்கும் குழாய் தொட்டியின் அடியோடு ஒட்டியிருப்பதில்லை. எட்டு சென்டிமீட்டர் மேலே இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், அதற்குக் கீழுள்ள 76 லிட்டர் வண்டலோடு அங்கேயே கிடக்கும். குடும்பத்தார் நம்பக்கூடிய அளவு 541 லிட்டர். இந்தக் கழிவைச் செய்யாமல் விட்டவர்கள், கருவி இன்னும் எழுபது லிட்டர் இருக்கிறது என்று காட்டும்போதே குழாய் வறண்டுபோவதைக் கண்டு, கருவியின் மேல் குறை கூறுவார்கள்.

உருளைத் தொட்டியில் எந்த உயரத்திலும் ஒரு சென்டிமீட்டருக்கு ஒரே அளவு நீர் என்பது நம் பாக்கியம். மேட்டூர் போன்ற அணையில் பள்ளத்தாக்கு மேலே செல்லச்செல்ல அகன்றுகொண்டு போவதால், உச்சியிலுள்ள ஓரடி நீர் அடியிலுள்ள ஓரடி நீரைப் போலப் பன்மடங்கு. அங்கே மட்டத்துக்கும் கொள்ளளவுக்கும் தனி அட்டவணையே வைத்திருக்கிறார்கள். படுக்கைவாட்டில் கிடக்கும் உருளைத் தொட்டிக்கும் இதுபோல ஓர் அட்டவணை வேண்டும். ஏனெனில் அதன் நடுப்பகுதியில் ஒரு சென்டிமீட்டருக்கு உள்ள நீர், அடியிலும் உச்சியிலும் உள்ளதைவிட மிகுதி.

உஷ்ணம் செய்யும் பிழை

விநாடிக்கு 350 மீட்டர் என்று கொண்டோம் அல்லவா? அது 30 டிகிரிக்கு உரிய கணக்கு. வெப்பம் ஒரு டிகிரி கூடினால் ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 0.6 மீட்டர் கூடும். சித்திரை மாதத்து மத்தியானத்தில், கறுப்பு நிறத் தொட்டியின் மூடிக்கடியில் அடைபட்ட காற்று 45 டிகிரிக்கு உயர்வதாகக் கொண்டால், ஒலியின் வேகம் 359 மீட்டர். நீர் அதே 70 சென்டிமீட்டர் தூரத்தில் இருந்தாலும் எதிரொலி விரைந்து வந்துவிடுவதால், 350 என்று நம்பிக்கொண்டிருக்கும் கருவி 68.2 சென்டிமீட்டர் என்று சொல்லும். நீர் ஏறாமலே 17 லிட்டர் கூடிவிட்டதாக ஒரு தோற்றம்.

பதினேழு லிட்டர் பெரிதா என்று வினவலாம். தொட்டி நிறைந்ததா, காலியா என்று மட்டும் அறிய வேண்டுபவருக்குப் பெரிதன்று. ஆனால் இந்தக் கருவியின் உத்தமமான உபயோகம், என் அபிப்பிராயத்தில், கசிவைக் கண்டுபிடிப்பது. வீட்டார் எல்லோரும் உறங்கும் ஆறு மணி நேரத்தில் மட்டம் இரண்டு சென்டிமீட்டர் இறங்குகிறது என்றால், எங்கோ ஒரு ஃப்ளஷ் டேங்க்கின் வால்வு சரியாக மூடாமல் 19 லிட்டர் போயிருக்கிறது. ஒரு நாளைக்கு 76 லிட்டர், முப்பது நாளில் 2,280 லிட்டர், அதாவது இரண்டு தொட்டிக்கு மேற்பட்ட நீர், ஒரு சப்தமும் இல்லாமல் சாக்கடைக்குச் செல்கிறது. இத்தகைய கசிவை வேறு எந்த வழியிலும் வீட்டார் அறிவது கடினம். ஆனால் அதே இரவில் தொட்டிக்குள் காற்று 30 டிகிரியிலிருந்து 24 டிகிரிக்குக் குளிர்ந்தால், ஒலி மந்தமாகி, நீர் சிறிதும் குறையாமலே முக்கால் சென்டிமீட்டர் இறங்கியதாகக் கருவி காட்டும். ஏழு லிட்டர் பொய்க் கசிவு இது. உண்மைக் கசிவையும் பொய்க் கசிவையும் பிரித்தறிய, உஷ்ணத்தையும் அளந்தே ஆக வேண்டும்.

அதற்கு மூடிக்கடியில் ஒரு சிறு வெப்ப உணரியையும் தொங்கவிட்டு, ஒவ்வொரு முறையும் வேகத்தைத் திருத்திக்கொள்ளலாம். இதைவிட நேர்த்தியான வழியும் ஒன்று உண்டு: தூரம் திட்டமாகத் தெரிந்த ஓர் அடையாளத்தை ஒலியின் வழியிலேயே அமைத்து, அதன் எதிரொலி வரும் காலத்திலிருந்து அன்றைய வேகத்தைக் கணித்துக்கொள்வது. அமெரிக்கக் கடற்கரைகளில் கடல்மட்டத்தை அளந்துவந்த ஒலிக் கருவிகளில், ஒலிக்குழாயில் குறித்த உயரத்தில் இத்தகைய அடையாளம் அமைக்கப்பட்டிருந்தது. வீட்டுத் தொட்டிக்கு வெப்ப உணரியே போதுமானது.

பொய் எதிரொலிகள்

உணரியிலிருந்து புறப்படும் கற்றை நூலைப்போல நேராகச் செல்வதன்று. பக்கத்துக்குப் பதினைந்து டிகிரி விரிவதாகக் கொண்டால், ஒரு மீட்டர் கீழே அது அரை மீட்டருக்கு மேற்பட்ட வட்டமாகப் பரந்திருக்கும். அந்த வட்டத்துக்குள் உள்வரும் குழாயோ, மிதவை வால்வின் தண்டோ, ஒரு சிலந்தி வலையோ அகப்பட்டால், நீருக்கு முன்னதாக அதுவே எதிரொலிக்கும். மோட்டார் ஓடும்போது மேலிருந்து விழும் நீர், பரப்பைக் கலக்கி அலை எழுப்புவதும் உண்டு. ஆகையால் உணரியைச் சுவரிலிருந்தும் குழாயிலிருந்தும் விலக்கி, கூடியவரை நடுவில் வைப்பது நலம்.

அப்படி வைத்தாலும் இடையிடையே தவறான அளவுகள் வந்தே தீரும். ஐந்து முறை அளந்ததில் 70.2, 69.9, 70.1, 31.4, 70.0 என்று வந்ததாகக் கொள்வோம். நான்காவது அளவு குழாயின் எதிரொலி என்பது வெளிப்படை. நாம் பள்ளியில் கற்ற சராசரியை எடுத்தால் 62.3 வரும், ஒரே ஒரு பொய் சாட்சி எல்லா மெய்ச் சாட்சிகளையும் கெடுத்து, 70 லிட்டருக்கு மேல் பிழையை உண்டாக்கிவிட்டது. அதற்கு மாறாக, ஐந்தையும் ஏறுவரிசையில் அடுக்கி, நடுவில் நிற்பதை மட்டும் எடுத்துக்கொண்டால் 70.0 கிடைக்கிறது. நடுமதிப்பு எனப்படும் இந்த எளிய முறை, இத்தகைய கருவிகளில் சராசரியைக் காட்டிலும் எவ்வளவோ நம்பத்தக்கது. இதை எல்லோருமே கையாள வேண்டும்.

மற்றோர் இடர் ஈரம். தொட்டிக்குள் எப்போதும் நிற்கும் நீராவி, எச்.சி.–எஸ்.ஆர்.04இன் திறந்த வலைகளுக்குள் புகுந்து அதைச் சீக்கிரம் பாழாக்கும். ஆகவே நீர் புகாதபடி மூடப்பட்ட, ஜே.எஸ்.என்.–எஸ்.ஆர்.04டி போன்ற உணரியே தொட்டிக்கு உகந்தது. ஆனால் அதில் பேசுவதும் கேட்பதும் ஒரே தட்டு. பேசி முடித்த தட்டு உடனே அடங்கிவிடுவதில்லை. விநாடியின் ஆயிரத்தில் ஒன்றரைப் பாகம் போலத் தானே அதிர்ந்துகொண்டிருக்கும். அந்த நேரத்துக்குள் வரும் எதிரொலியை அதனால் பிரித்தறிய முடியாது. எனவே 20 அல்லது 25 சென்டிமீட்டருக்கு உட்பட்ட தூரம் அதற்குத் தெரியாத பிரதேசம். அதைக் கேளாத் தூரம் என்று சொல்லலாம். நம் உதாரணத் தொட்டியில் உணரியை முழு மட்டத்துக்கு 30 சென்டிமீட்டர் மேலே வைத்தது இதற்காகவே. இடம் போதாமல் பத்து சென்டிமீட்டரில் வைத்தவருடைய கருவி, தொட்டி நிறையும் தருணத்தில்தான், அதாவது மிகவும் தேவைப்படும் தருணத்தில்தான், தாறுமாறாகப் பேசும்.

மோட்டாரை ஒப்படைக்கும் முன்

அளந்து சொல்வதோடு நில்லாமல், குறைந்தால் மோட்டாரைப் போடவும் நிறைந்தால் நிறுத்தவும் கருவியையே ஏவிவிடலாம் என்ற எண்ணம் எழுவது இயல்பு. அங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது. எதிரொலியே வராதபோது எச்.சி.–எஸ்.ஆர்.04 பேசாமலிருந்துவிடுவதில்லை, விநாடியின் ஆயிரத்தில் 38 பாகம்வரை காத்திருந்து, அந்த நீண்ட காலத்தையே விடையாகக் கொடுத்துவிடும். அதைக் கணக்கில் போட்டால் ஆறரை மீட்டருக்கு மேல் வருகிறது. நம் தொட்டியின் அடித்தளமே 135 சென்டிமீட்டரில் இருக்கிறது என்பதை யோசியாத நிரல், தொட்டி வறண்டுவிட்டது என்று முடிவு கட்டி மோட்டாரைப் போடும். எதிரொலி வராமற்போனதால், நிறைந்த தொட்டி இரவெல்லாம் வழியும்.

ஆகவே, நம் தொட்டியில் 25 சென்டிமீட்டருக்குக் குறைந்த அளவையும் 135க்கு மேற்பட்ட அளவையும் நிரல் ஏற்கவே கூடாது. சில முறை தொடர்ந்து ஏற்கத்தக்க அளவு வராவிட்டால் மோட்டார் நின்று, வீட்டாருக்கு அறிவிப்புச் செல்ல வேண்டும். கீழே சம்ப்பில் நீர் இல்லாமல் மோட்டார் வெறுமனே ஓடிக் கருகாதபடி, அங்கும் ஓர் அளவை தேவை. பழைய மிதவை வால்வைக் கழற்றிவிடாமல் அப்படியே இருக்க விடுங்கள். எல்லா மின்னணுவியலும் தவறிய நாளில் அது ஒன்றே காவல். உணரிக்கு வேண்டிய ஐந்து வோல்ட் மின்சாரத்தால் யாருக்கும் அபாயமில்லை. மோட்டாரின் 230 வோல்ட் அப்படியன்று, அதிலும் ஈரமான மொட்டைமாடியில். அளவுகளைச் சில நாட்கள் ஒரு கோலை உள்ளே விட்டு ஒப்பிட்டுப் பார்த்து, கருவி மெய் பேசுகிறது என்று திருப்தி ஏற்பட்ட பின்னரே, தேர்ந்த எலக்ட்ரீஷியன் ஒருவரை அழைத்து ரிலேயையும் எர்த் இணைப்பையும் அமைக்கச் சொல்லுங்கள்.